திருகோணமலையில் கடையும் விடுதியும் கட்டுபவர்கள் விடும் பிழைகள்

புதுக்கடை திறக்கிறதென்றால் முதலில் முகப்புக்கு அலுமினியத் தகடு, அதன்மேல் எல்ஈடி எழுத்து. உள்ளே என்ன வியாபாரம் என்ற யோசனை பிறகுதான். மருந்துக்கடை, நகைக்கடை, போன் கடை எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பலகையைக் கழற்றினால் எது எதுவென்று தெரியாது. லோகோவுக்குக் கொட்டுகிற காசில் கொஞ்சத்தைக் கட்டட வரைபடத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

கொழும்பில் பார்த்த கண்ணாடி முகப்பை அப்படியே இங்கே கொண்டுவருவது அடுத்தது. கடை மேற்கே பார்த்திருந்தால் தொலைந்தது. கச்சான் வீசும் மாதங்களில் பின்னேர வெயில் நேரே கல்லாப்பெட்டி வரை வரும். ஏசி திணறும், கரண்ட் பில் ஏறும். கடைசியில் கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வெளியே தறப்பாளும் கட்டுவார்கள். லட்சக்கணக்கில் செலவழித்த முகப்பு அதோடு மறைந்துவிடும். முன்னுக்கு ஒரு விறாந்தையும் வெயில் பக்கம் மரத் தட்டியும் வைத்திருந்தால் நிழலுக்கு ஒதுங்குகிறவர்கூட உள்ளே எட்டிப் பார்ப்பார்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி கட்டுகிறவர்களுக்கு உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. சாதாரண இரும்பு ஆணி, கீல், பல்கனிக் கம்பி போட்டால் ஒரு மாரி முடிவதற்குள் வெள்ளைச் சுவரில் துரு செம்மஞ்சள் கோடாக வழிந்திருக்கும். விருந்தாளி இணையத்தில் பார்த்தது திறப்பு விழாவன்று எடுத்த படம். வந்து இறங்கியதும் கண்ணில் படுவது இந்தக் கோடு. துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்கினாலும் தரத்தைப் பாருங்கள். கடலோரத்தில் 304 என்ற ரகம் நாளடைவில் பழுப்புப் புள்ளி போடும். மொலிப்டினம் கலந்த 316 விலை கூடியது, ஆனால் நன்றாகத் தாங்கும். எல்லாவற்றுக்கும் வேண்டாம், கை படும் கண் படும் இடங்களுக்காவது போடுங்கள்.

அப்புறம் வெளிச்சம். சாறிக் கடையில் ஒரு அம்மா சாறியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்க்கிறார் என்றால், உங்கள் விளக்கை அவர் நம்பவில்லை. நிறத்தை உள்ளபடி காட்டும் அளவை சிஆர்ஐ என்பார்கள். துணிக்கடைக்கு 90க்கு மேல் உள்ள விளக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒளியின் சாயலைக் கெல்வினில் அளப்பார்கள். விடுதி அறைக்கு 6500 கெல்வின் வெள்ளை விளக்குப் போட்டால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். அங்கே மஞ்சள் சாயலான 2700 முதல் 3000 கெல்வின் வரை போதும்.

உள்ளலங்காரம் என்றால் நங்கூரம், கப்பல் சில்லு, மான் படம்! பிரெட்றிக் கோட்டைக்குள் மான் உயிரோடு திரிகிறது. பயணி அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் சாப்பிட வருகிறார். தம்புள்ளைக்கு அருகே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டலில் பாறை உள்ளே வரை வருகிறது, முகப்பைச் செடிகொடி மூடுகிறது. பார்த்தவருக்கு அது எந்த இடம் என்பதில் சந்தேகமே வராது. உங்கள் வளவில் ஏற்கெனவே ஒரு வேம்போ பனையோ நின்றால், அதைத் தறிக்கச் சொல்லுமுன் அதைச் சுற்றிக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

காசு இறுகினால் முகப்பு வேலையைத் தள்ளிப்போடலாம். கழிவறையைத் தள்ளிப்போடாதீர்கள். சாப்பாட்டுக் கடையில் கை கழுவும் இடம் நனைந்து வழுக்கினால், மேசைக்கு மேலே தொங்கும் விலை கூடிய விளக்கை யாரும் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை.