தூண்டில் மீன்பிடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: டிராக் முதல் நங்கூரம் வரை

புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்களைக் கரையில் நின்று பார்க்கும்போது முதலில் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் எரிச்சல் வரும். நானும் அதே வழியில் வந்தவன் என்பதால் சிரிப்பு. யாரும் சொல்லித் தராமலே அதே தவறுகள் ஆள் மாற்றி ஆள் தொற்றிக்கொண்டு வருவதால் எரிச்சல்.

மரக்கிளையில் முள்ளை மாட்டுவது, இரைப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவருவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை இரண்டொரு முறை அனுபவித்தால் தானாகத் திருந்திவிடுவோம். பல வருடம் பிடித்தவர்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் தவறுகள்தான் என் கவலை.

டிராக் சறுக்கும்போது கைப்பிடியைச் சுற்றுவது

மீன் முள்ளை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கியதும் ரீலிலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ரீல் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே அடுக்கியிருக்கும் உராய்வுத் தகடுகள் வழுக்கிக்கொடுத்து, நரம்பு (தூண்டில் நூல்) அறுவதற்கு முன்பே, அது சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைச் சுழலவிடுகின்றன. இந்த அமைப்புக்குத்தான் டிராக் என்று பெயர். புதியவருக்கோ அந்தச் சத்தம் கேட்டதும் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. மீன் போய்விடுமோ என்ற பயத்தில் கைப்பிடியைப் பிடித்து வெறியோடு சுற்றுகிறார். மீன் ஓர் அங்குலம்கூடப் பக்கத்தில் வருவதில்லை. சத்தம் மட்டும் கூடுகிறது.

அந்த நேரத்தில் நரம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பூல் சுழலாது. அதைச் சுற்றி ஓடும் ரோட்டர்தான் நரம்பை ஸ்பூலின்மேல் சுற்றுகிறது. டிராக் சறுக்கிக்கொண்டிருந்தால் நரம்பு உள்ளே வராது, ஆனால் ரோட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும். ரோட்டரின் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். ரீலின்மேல் 5.2:1 என்று பொறித்திருந்தால், கைப்பிடியை ஒரு முறை சுற்றும்போது ரோட்டர் ஐந்து முறைக்கு மேல் சுற்றுகிறது என்று பொருள். பதற்றத்தில் இருபது முறை சுற்றினால் நூறு முறுக்குக்கு மேல் ஏறியிருக்கும். மீன் இழுத்துப் பிடித்திருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. அடுத்த வீச்சில்தான் தெரியும்: ஸ்பூலிலிருந்து நரம்பு சுருள் சுருளாகக் குதித்து, கோலின் முதல் வளையத்திலேயே சிக்கிப் பந்தாகிவிடும்.

என்னோடு வரும் இளைஞர் ஒருவர் இப்படித்தான் மாதக்கணக்கில் நரம்போடு மல்லுக்கட்டினார். நரம்பு மட்டமானது என்று முடிவுசெய்து விலை கூடிய நரம்புக்கு மாறினார். சிக்கல் தீரவில்லை. பழி ரீலின்மேல் விழுந்தது, ரீலை மாற்றினார். புது ரீலிலும் அதே பந்து. "அண்ணா, இப்போது வருகிற நரம்பு எல்லாமே போலிதான்" என்று அடித்துப் பேசினார். அவர் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கச் சொல்லி நான் ஏற்கெனவே பலமுறை சொல்லியிருந்தேன். காசு செலவாகாத யோசனை என்பதாலோ என்னவோ, அதைத்தான் கடைசியாகச் செய்து பார்த்தார்.

மீன் ஓடும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள். ஓடட்டும். ஓட்டம் நின்றதும் கோலை மெதுவாக மேலே தூக்கி மீனை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். பிறகு கோலைத் தாழ்த்திக்கொண்டே, கிடைத்த தளர்வை மட்டும் ரீலில் சுற்றுங்கள். மீனை இழுக்க வேண்டியது கோல். நரம்பைச் சேர்த்துவைப்பதோடு ரீலின் வேலை முடிந்தது. கைப்பிடியைச் சுற்றும்போது 'கிர்' என்று கேட்டால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தவறு, மீன் ஓடிக்கொண்டிருக்கும்போது டிராக்கை இறுக்குவது. எனக்கு இதுதான் பொறுக்க முடியாதது. நரம்பு வெளியே போகப் போக ஸ்பூலில் நரம்புச் சுற்றின் விட்டம் குறைகிறது. டிராக்கை இறுக்கும் குமிழை யாரும் தொடாவிட்டாலும், விட்டம் பாதியானால் நரம்பின் மீதான இழுவை இரட்டிப்பாகிவிடும். போதாததற்கு, தண்ணீருக்குள் கிடக்கும் நீளமான நரம்பின் இழுவையும் சேர்ந்துகொள்கிறது. ஆக, மீன் தூரம் போகப் போக டிராக் தானாகவே இறுகுகிறது. சற்றுத் தளர்த்த வேண்டிய நேரம் அது. நம் ஆள் அப்போதுதான் குமிழை முழுபலத்தோடு திருகுவார். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு மணி நேரம் தப்பிப்போன மீனின் அளவைக் கைகளை விரித்து விரித்துக் காட்டுவார். கொஞ்சம் கூடுதல் இழுவை வேண்டுமென்றால் ஸ்பூலின் விளிம்பில் உள்ளங்கையை மெதுவாக வைத்து அழுத்தினால் போதும். ஆபத்து என்றால் கையை எடுத்துவிடலாம். திருகிய குமிழை அந்த வேகத்தில் திரும்பத் தளர்த்த முடியாது.

டிராக்கை வைக்க வேண்டிய நேரம் முள்ளைத் தண்ணீரில் போடுவதற்கு முன்பு. நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வைப்பது பொது வழக்கம். 4 கிலோ தாங்கும் நரம்பென்றால் 1 கிலோவிலிருந்து 1.3 கிலோவுக்குள். லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு) அதைவிட மெலிதாக இருந்தால் லீடர் தாங்கும் எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரண வில் தராசு ஒன்று போதும். நரம்பைக் கோலின் வளையங்கள் எல்லாவற்றிலும் கோத்து, நுனியைத் தராசில் கட்டி இன்னொருவரிடம் கொடுங்கள். கோலை நன்றாக வளைத்துப் பிடித்தபடி, ஸ்பூல் சறுக்கும்வரை அவர் இழுக்கட்டும். ரீலின் வாயிலேயே நரம்பைக் கையால் இழுத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று தலையாட்டுபவர்கள், வளையங்களின் உராய்வை மறந்துவிடுகிறார்கள். கோல் வளையும்போது அது கணிசமாகக் கூடும்.

தராசு முள் சீராக நகர்கிறதா என்றும் பாருங்கள். முதலில் எகிறி, பிறகு பொத்தென்று விழுந்தால் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் டிராக்கை இறுக்கிய நிலையிலேயே ரீலை அலமாரியில் தூங்கவைத்ததன் பலன் அது. வீடு திரும்பியதும் குமிழைத் தளர்த்திவையுங்கள்.

ஏற்கெனவே முறுக்கேறிய நரம்பைத் தூக்கியெறிய வேண்டாம். முள், ஈயம், ஸ்விவல் (சுழலும் இணைப்பு) எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் நரம்பை மெதுவாகப் போகும் படகின் பின்னால் நீளமாக விடுங்கள். சில நிமிடங்களில் தண்ணீரே முறுக்கைப் பிரித்துவிடும். படகு இல்லாதவர்கள் ஓடும் தண்ணீரில் விடலாம்.

ஸ்பூலை வழிய வழிய நிரப்புவது

விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். பின்னல் நரம்பை வெறும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின்மேல் வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து நீங்கள் ரீலைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். அடியில் சில சுற்று நைலான் நரம்பு போட்டுவிட்டு அதன்மேல் சுற்றுங்கள்.

முடிச்சை உலர்ந்தபடி இறுக்குவது

இறுக்கும்போது எழும் உராய்வுச் சூடு நைலானைப் பாழாக்கும். எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்துவிட்டு, மெதுவாக இறுக்குங்கள். லீடரில் தற்செயலாக விழுந்த ஒற்றை முடிச்சை "பரவாயில்லை" என்று விட்டுவிடுவோரும் உண்டு. அந்த ஒரு முடிச்சு நைலானின் பலத்தை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

மழுங்கிய முள்

கட்டைவிரல் நகத்தில் வைத்து இலேசாக இழுங்கள், வழுக்கினால் மாற்றுங்கள்.

வட்ட முள்ளைக் கட்டிவிட்டு வெட்டி இழுப்பது

சாதாரண முள்ளில் மீன் கொத்தியதும் கோலை வெடுக்கென்று தூக்கிப் பழகியவர்கள், வட்ட முள்ளுக்கு மாறிய பிறகும் கையை அடக்குவதில்லை. வட்ட முள்ளின் நுனி தண்டை நோக்கி உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். மீன் இரையை விழுங்கிவிட்டு நகரும்போது முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்ட வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. வெடுக்கென்று இழுத்தால் அது இரையோடு சேர்ந்து வாயிலிருந்து வெளியே வந்துவிடும். நரம்பு தானாக இறுகும்வரை பொறுத்திருந்து, நிதானமாகச் சுற்றத் தொடங்குங்கள். பிடித்த மீனைத் திரும்ப விட நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல முள் இல்லை. ஆனால் நுனி பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் வகையை வாங்காதீர்கள். அது தொண்டையிலும் குடலிலும் மாட்ட வாய்ப்பு அதிகம்.

இரையை அள்ளித் திணிப்பது

பெரிய மீனுக்குப் பெரிய இரை என்ற நினைப்பில் முள்ளின் வளைவு முழுவதையும் இறைச்சித் துண்டால் அடைத்துவிடுகிறார்கள். மீன் கவ்வும்; இழுத்தால் முள் நுனி இரைக்குள்ளேயே புதைந்துகிடக்கும். நுனி வெளியே தெரியட்டும். மீன் அதைக் கண்டு பயந்துவிடும் என்பது மனிதனின் கவலை.

இரை நேராக நிற்கிறதா என்று கரையோரத் தண்ணீரில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இறாலை வளைந்தபடியே கோத்தால் இழுக்கும்போது அது பம்பரம்போலச் சுற்றும். மீனுக்குச் சந்தேகம், நரம்புக்கு மறுபடியும் முறுக்கு. வாலைக் கிள்ளிவிட்டு, உடலை முள்ளின் தண்டோடு நேராக்கிக் கோத்தால் சுற்றாது.

உயிர் இரை வைத்திருப்பவர்கள் செய்யும் கொடுமை தனி. சின்ன வாளியில் குஞ்சு மீன்களை நெருக்கி அடைத்து வெயிலில் வைத்துவிட்டு, அவை மேலே வந்து வாயைப் பிளக்கும்போது குழாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். அதிலிருக்கும் குளோரின் மிச்ச உயிரையும் எடுத்துவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: நல்ல தண்ணீர் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் சுமார் 7.5 தான். வாளியை நிழலில் வையுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள், பிடித்த இடத்துத் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு இருந்தால் இன்னும் நல்லது.

பெட்ரோல் தொட்ட கையோடு இரை கோக்காதீர்கள்.

மீனைத் தூக்கக் கோலை நெட்டுக்குத்தாக நிறுத்துவது

கார்பன் கோல்கள் பெரும்பாலும் மீன் ஓடும்போது உடைவதில்லை. மீன் காலடிக்கு வந்த பிறகுதான் உடைகின்றன. நரம்பு குட்டையாக இருக்கும்போது கோலைத் தலைக்குமேல் தூக்கினால், அடிப்பகுதியின் பலமான வளைவுக்குப் போக வேண்டிய சுமை முழுவதும் விரல் தடிமன்கூட இல்லாத நுனியில் இறங்குகிறது. கோலைத் தாழ்த்தி, இரண்டடி பின்வாங்கி, கைவலையைத் தண்ணீருக்குள் அசையாமல் பிடித்து, மீனைத் தலைப்பக்கமாக அதன்மேல் நடத்திக்கொண்டு வாருங்கள். வலையை வைத்து மீனைத் துரத்தாதீர்கள்.

மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

ரீலைப் பீய்ச்சியடித்துக் கழுவுவது

உப்புத் தண்ணீரில் பிடித்த பிறகு கழுவத்தான் வேண்டும். ஆனால் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் உப்பையும் மணலையும் உள்ளே தள்ளிவிடும். டிராக்கை இறுக்கி மூடிக்கொண்டு, பூவாளி வேகத்தில் நல்ல தண்ணீர் விட்டு, துடைத்துவிட்டு, டிராக்கைத் தளர்த்துங்கள்.

நங்கூரத்தைப் படகின் பின்பக்கத்தில் கட்டுவது

சின்னப் படகுகளில் இதை இன்னும் பார்க்கிறேன். எஞ்சினும் ஆட்களும் பின்பக்கம் இருப்பதால், "இங்கேயே கட்டிவிடலாம், எழுந்து போக வேண்டாம்" என்ற சோம்பல். படகின் பின்பக்கம் தட்டை, உயரம் குறைவு, எஞ்சின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். நீரோட்டமோ அலையோ வந்தால் நங்கூரக் கயிறு அதை இன்னும் கீழே இழுக்க, தண்ணீர் நேராக உள்ளே ஏறும். படகு நிரம்ப அதிக நேரம் ஆகாது. நங்கூரம் எப்போதும் முன்பக்கமான அணியத்தில்தான் கட்ட வேண்டும்; அணியம் அலையைப் பிளக்கவே உருவானது.

கயிற்றின் நீளத்திலும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஆழம் 5 மீட்டர் என்றால் 8 மீட்டர் கயிறு விட்டுவிட்டு, நங்கூரம் பிடிக்கவில்லை என்று அலுத்துக்கொள்வார்கள். கயிறு செங்குத்தாக நின்றால் நங்கூரத்தைத் தரையிலிருந்து பிடுங்கும். சாய்வாகக் கிடந்தால்தான் நங்கூரத்தின் நாக்கு மண்ணுக்குள் இறங்கும். ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல ஏழு மடங்கு விடுவது நல்ல வழக்கம். ஆழம் 5 மீட்டர், அணியம் 1 மீட்டர் என்றால் 42 மீட்டர். காற்றில்லாத நாளில் ஐந்து மடங்கு போதும். நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலி சேர்த்தால் இழுவை தரையோடு படிந்திருக்கும்.

கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டியிருக்கிறீர்களா என்று நங்கூரத்தை வீசுவதற்கு முன்பே பாருங்கள். வீசிய நங்கூரத்தின் பின்னால் கயிறு முழுவதும் சரசரவென்று ஓடி, கடைசி முனையும் வாலாட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போனதை நான் பக்கத்துப் படகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அடியிலிருக்கும் நீர்வடி அடைப்பான்

படகைத் தண்ணீரில் இறக்கும் முன் திருகிவிட்டீர்களா? கையால் தொட்டுப் பாருங்கள்.

எரிபொருள்

போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு. திரும்பும்போது எதிர்காற்று அடித்தால் அந்த மூன்றாவது பங்குதான் உங்களைக் கரைசேர்க்கும்.

எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு

ஸ்டீரிங்கில் சுற்றிவைக்காதீர்கள், ஓட்டுபவரின் உடலில் மாட்டுங்கள். அவர் தடுமாறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துக்கொண்டு, சுழலும் புரொப்பல்லரோடு விழுந்தவரிடமே திரும்பி வரும். உயிர்காப்பு அங்கியும் அப்படித்தான்: இருக்கைக்கு அடியில் மடித்துக்கிடக்கும் அங்கியை விழுந்த பிறகு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.