கணினி சொன்னதைத்தான் செய்தோம்: ஏ.ஐ. காலத்தில் நிர்வாகிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வீடு வாங்க, விற்க நினைப்பவர்கள் முதலில் திறந்து பார்க்கும் இணையதளங்களில் ஒன்று ஸில்லோ. எந்தத் தெருவில் எந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்று கணினியே மதிப்பிட்டுக் காட்டுவதுதான் 2006 முதல் அதன் அடையாளம். அந்த மதிப்பீட்டுக்கு ஸெஸ்டிமேட் என்று பெயர். 2018இல் அந்த நிறுவனம் தானே வீடுகளை வாங்கி, சின்னச் சின்னப் பழுது பார்த்து, விற்கத் தொடங்கியது. 2021 நவம்பரில் அந்தத் தொழிலை மூடுவதாக அறிவித்தது. கையில் தங்கிவிட்ட வீடுகளின் மதிப்பில் ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் எழுதிக் கழிக்க வேண்டியிருந்தது. ஊழியர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு வேலை போனது.

ஏ.ஐ. தோற்ற கதையாக இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மென்பொருள் முன்பு செய்த வேலையைத்தான் அப்போதும் செய்துகொண்டிருந்தது. அதை நம்பி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள்தான் வழுக்கினார்கள். ஏ.ஐ. வந்துவிட்டால் தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் வேலை குறையும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. கீழே வரும் தவறுகள் எல்லாமே அந்த எண்ணத்தில் இருந்து முளைத்தவை.

சராசரி சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பது

ஸில்லோவை இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். விற்பனைக்கு வந்துவிட்ட வீடுகளுக்கு ஸெஸ்டிமேட்டின் இடைநிலைப் பிழை சுமார் 2 சதவீதம் (அதாவது பாதி வீடுகளில் பிழை இதற்குள் இருக்கும்). விற்பனைக்கு வராத வீடுகளுக்கு 7 சதவீதத்தை ஒட்டி. ஏன் இந்த வித்தியாசம்? விற்பனைக்கு வந்த வீட்டுக்கு உரிமையாளரும் தரகரும் உட்கார்ந்து பேசி ஏற்கெனவே ஒரு விலை போட்டிருப்பார்கள். கணினி அதையும் எடுத்துக்கொள்கிறது. அதன் துல்லியத்தில் ஒரு பங்கு மனிதர்களிடம் இரவல் வாங்கியது.

இணையதளத்தில் வேடிக்கை பார்ப்பவருக்கு 7 சதவீதம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? அதே எண்ணை வைத்துக் காசோலை எழுதும்போதுதான் சிக்கல். பத்து வீடுகளுக்கும் தலா 4 லட்சம் டாலர் என்று கணினி மதிப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் ஐந்து வீடுகள் 4.2 லட்சம் பெறும். மற்ற ஐந்து 3.8 லட்சம்தான் பெறும், ஏனென்றால் சுவரில் ஓதம், பின்பக்கம் ஓயாத இரைச்சல், இப்படிக் கணினிக்குத் தெரியாத ஏதோ ஒன்று. சராசரியாகப் பார்த்தால் பிழையே கிடையாது. பத்துப் பேரிடமும் 4 லட்சம் தருகிறேன் என்று கேளுங்கள். முதல் ஐந்து பேர் வேண்டாம் என்பார்கள். மற்ற ஐந்து பேர் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்பார்கள். சராசரி துல்லியமாக இருந்தும் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் நஷ்டம்!

இதோடு வேகமும் சேர்ந்துகொண்டது. 2021இன் மூன்றாம் காலாண்டில் நிறுவனம் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான வீடுகளை வாங்கியது. விற்றது சுமார் மூவாயிரம். ஏறிக்கொண்டிருந்த சந்தையின் வேகம் தணிந்தபோது கை நிறைய வீடுகள். வீட்டு விலையை முன்கூட்டிக் கணிப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது என்று அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ரிச் பார்ட்டன் ஒப்புக்கொண்டார். அதே தொழிலில் இருந்த ஓப்பன்டோர் அந்த ஆண்டு கடையை மூடவில்லை. (அடுத்த ஆண்டு அதற்கும் பெரிய நஷ்டம் வந்தது, அது வேறு கதை.)

ஆக, ஒரு கணிப்பு எத்தனை சதவீதம் சரி என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தவறினால் யார் பணம் போகும்? எந்தப் பக்கம் தவறினால் நமக்கு வலிக்கும்? தவறு நடந்தது எத்தனை நாளில் நமக்குத் தெரியவரும்? இதற்குப் பதில் இல்லையென்றால் சின்ன அளவில் நடத்திப் பார்க்கலாம். விரிவாக்கம் காத்திருக்கட்டும்.

கணக்கு உதைத்தால் ஆளைத் திருடன் ஆக்குவது

இது ஏ.ஐ. அலைக்கு முந்தைய கதை. ஆனாலும் தரவை நம்பி நிர்வாகம் செய்பவர்களிடம் ஒரே ஒரு கதைதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிரிட்டனின் போஸ்ட் ஆஃபீஸ் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. வழங்கியது ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனம். பெரும்பாலான கிளைகளை நடத்தியவர்கள் ஒப்பந்தக்காரர்கள். பெட்டிக்கடையோ மளிகைக்கடையோ வைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் தபால் வேலையும் பார்த்தவர்கள். கணக்கு முடிக்கும்போது திரையில் ஒரு தொகை இருக்கும், கல்லாவில் வேறொன்று இருக்கும். வித்தியாசத்தைக் கைப்பணம் போட்டு அடைக்கச் சொன்னது நிர்வாகம். முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் பாய்ந்தன. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் திவாலானார்கள், தற்கொலைகளும் நடந்தன. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். பல வருடங்களாக ஒழுங்காகக் கடை நடத்திய நூற்றுக்கணக்கான பேர் புது மென்பொருள் வந்தபின் வரிசையாகத் திருடர்கள் ஆனார்கள் என்றால், மேலிடத்தில் ஒருவருக்காவது இது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டாமா? உதவி எண்ணுக்கு அழைத்தபோது ‘உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை’ என்ற பதில்தான் கிடைத்தது என்று பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு புகாரும் தனித்தனியாக வந்து தனித்தனியாக முடிந்தது. இங்கிலாந்துச் சட்டமும் கணினி சரியாக இயங்கியது என்றே முதலில் எடுத்துக்கொண்டது. இல்லையென்றால் அதைக் காட்ட வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். மென்பொருளின் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லாத ஒரு கடைக்காரர் எப்படிக் காட்டுவார்?

இன்று இதே அமைப்பு வேறு உருவத்தில் இருக்கிறது. மோசடி என்று மதிப்பெண் போட்டுக் கணக்கை முடக்கும் வங்கிச் செயலி, விற்பனையாளரை ஒரே இரவில் நீக்கும் வணிகத் தளம், டெலிவரி ஊழியரின் ஐடியை முடக்கும் மென்பொருள். இவற்றை நடத்துபவர்கள் மிச்சப்பட்ட பணத்தை மாதாமாதம் பார்க்கிறார்கள். கணினியின் முடிவை எத்தனை பேர் எதிர்த்தார்கள், அதில் எத்தனை பேர் சொன்னது சரி என்ற கணக்கும் அதே தாளில் இருக்க வேண்டும். அப்புறம், அந்தப் புகாரைக் கேட்டு, முடிவை நிறுத்தி வைக்கும் அதிகாரம் உள்ள ஒரு மனிதரும் வேண்டும். தானாக வரும் ‘தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது’ என்ற மின்னஞ்சல் அந்த மனிதருக்கு ஈடாகாது.

சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது

2022 நவம்பரில் பாட்டி இறந்த செய்தி கேட்டு அவசரமாகப் பயணம் செய்ய வேண்டியிருந்த ஒருவர் ஏர் கனடாவின் இணையதளத்தில் சாட்பாட்டிடம் விசாரித்தார். துக்கப் பயணச் சலுகையை டிக்கெட் எடுத்து 90 நாளுக்குள் பின்னாடியும் கேட்டு வாங்கலாம் என்றது அது. விமான நிறுவனத்தின் உண்மையான விதி அதற்கு நேர் எதிர். பணம் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்தில் அது வைத்த வாதம்தான் விசேஷம்: சாட்பாட் என்பது தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற ரீதியில் பேசியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையதளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி நஷ்டஈடு தரச் சொன்னது. தொகை மொத்தமே சில நூறு டாலர்தான். வாதம் உலகம் முழுக்கப் போனது, அந்த மானத்துக்கு விலை யார் போடுவது?

நம் ஊரில் சாட்பாட் வைக்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு பள்ளமும் இருக்கிறது. சோதனை எல்லாம் சுத்தமான ஆங்கிலத்தில் நடக்கும். வாடிக்கையாளரோ தமிழை ஆங்கில எழுத்தில், பாதிச் சொல்லை விழுங்கி, ஒரு குரல் பதிவோடு அனுப்புவார். அவர் எழுதும் விதத்திலேயே ஆயிரம் கேள்விகளைப் போட்டுப் பார்க்காமல் திறந்துவிடுவது நீங்களே வம்பை விலைக்கு வாங்குவது.

நேற்றைய தரவை நாளைய நியாயமாக எடுத்துக்கொள்வது

அமேசான் 2014 வாக்கில் விண்ணப்பங்களை வாசித்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடும் ஒரு கருவியை உருவாக்கிப் பார்த்தது. பத்து ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களில் இருந்து அது கற்றுக்கொண்டது. தொழில்நுட்பத் துறையில் அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, மகளிர் என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைந்தது. அந்தச் சொல்லுக்குத் தனியாகத் திருத்தம் செய்தார்கள். வேறு வழியில் அதே பாரபட்சம் நுழையாது என்று உறுதி சொல்ல முடியவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் இதை வெளிக்கொண்டு வந்தது. கைவிட்டதை நான் நல்ல நிர்வாகமாகவே பார்க்கிறேன். எத்தனையோ நிறுவனங்கள் இப்படிப்பட்ட கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்பதற்காகவே ஓட்டிக்கொண்டிருக்கும்.

இலக்கு எண்ணைத் துரத்துவதும் இதற்கு உறவுதான். வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு, சேவை என்று இலக்கு வைத்து ஊழியர்களை நெருக்கியது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். 5,300 பேர் வேலையை விட்டு அனுப்பப்பட்டிருந்தார்கள். தலைவர் ஜான் ஸ்டம்ப் பதவி விலகினார். மனிதர்களே இப்படி என்றால், கொடுத்த எண்ணை உயர்த்துவது ஒன்றையே வேலையாகக் கொண்ட மென்பொருளிடம் எந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்று இருமுறை யோசிக்க வேண்டும்.

ஆளைக் குறைத்துவிட்டு அப்புறம் யோசிப்பது

ஸ்வீடனின் பணப் பரிவர்த்தனை நிறுவனமான க்ளார்னா 2024 பிப்ரவரியில் தன் ஏ.ஐ. உதவியாளர் வாடிக்கையாளர் உரையாடல்களில் மூன்றில் இரண்டு பங்கைக் கவனிக்கிறது, 700 பேரின் வேலையைச் செய்கிறது என்று பெருமையாக அறிவித்தது. 2025இல் அதன் தலைவர் செபாஸ்டியன் சிமியாட்கோவ்ஸ்கி, செலவையே பெரிதாகப் பார்த்ததில் தரம் குறைந்தது என்று சொல்லி மீண்டும் ஆள் எடுக்கத் தொடங்கினார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி, அழைப்புகளுக்குக் குரலில் பதில் சொல்லும் சாட்பாட் வந்ததைக் காட்டி 45 பேரை நீக்க முடிவு செய்தது. அழைப்புகள் குறைந்துவிட்டன என்றது வங்கி. கூடிக்கொண்டிருக்கிறது என்றது தொழிற்சங்கம். ஆகஸ்டில் வங்கி முடிவைத் திரும்பப் பெற்றது.

இதில் ஒரு நுணுக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. சுலபமான கேள்விகளைச் சாட்பாட் எடுத்துக்கொண்டால் மனிதருக்கு வருவதெல்லாம் சிக்கலான, கோபமான அழைப்புகள். ஒரு அழைப்புக்கு ஆகும் நேரம் கூடும். பழைய அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் மேலாளருக்கு அது ஊழியரின் மந்தமாகத் தெரியும். அளவுகோலை மாற்றாமல் ஆளைக் கடிந்துகொண்டால் அனுபவசாலிகள் முதலில் கிளம்புவார்கள். சாட்பாட்டுக்குச் சொல்லிக்கொடுக்கப் பதில்கள் வந்ததே அவர்களிடம் இருந்துதான்.

யார் எதை எங்கே ஒட்டுகிறார்கள் என்று தெரியாமல் இருப்பது

சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரல் வரிகளைச் சாட்ஜிபிடியில் ஒட்டினார்கள் என்று தெரியவந்தபின் 2023 மே மாதம் அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. தடை மட்டும் போட்டால் ஊழியர் சொந்த ஃபோனில் பயன்படுத்துவார். அது இன்னும் மோசம். அனுமதித்த கருவி ஒன்றைக் கொடுத்து, எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடுவது நடக்கக்கூடிய வழி.

வெளியே போவதைப் போலவே உள்ளே வருவதையும் பார்க்க வேண்டும். ஆலோசனை நிறுவனமான டெலாய்ட் ஆஸ்திரேலியா அந்நாட்டு அரசுத் துறைக்குச் சுமார் 4.4 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் இல்லாத ஆய்வுகள் மேற்கோளாக இருந்தன. தயாரிப்பில் ஏ.ஐ. பயன்பட்டது பின்னர்தான் குறிப்பிடப்பட்டது. 2025 அக்டோபரில் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். ஆலோசகரிடம் அறிக்கை வாங்குகிறவர்கள் இனி ஒப்பந்தத்திலேயே இதைக் கேட்டு எழுதி வாங்கலாம்.

இந்தியாவில் வாடிக்கையாளர் பட்டியலைக் கையாளும் சின்ன நிறுவனமானாலும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தரவைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. உங்கள் அலுவலகத்தில் எந்தெந்த ஏ.ஐ. கருவிகள் ஓடுகின்றன, யாருடைய கணக்கில், எந்தத் தரவோடு என்று ஒரு பட்டியல் இருக்கிறதா? இல்லையென்றால் ஐ.டி. ஆளிடம் தள்ளிவிடாமல் இந்த வாரமே உட்கார்ந்து நீங்களே கேட்டு எழுதுங்கள். விற்பனைப் பிரிவில் இருந்து தொடங்குவது நல்லது, அங்கேதான் எக்செல் கோப்புகள் அதிகம் சுற்றும்.