51 பெகாசி என்ற நட்சத்திரத்தை வெறும் கண்ணால் பிடிப்பது எப்படி?

அக்டோபர், நவம்பரில் இருட்டியதும் பெகாசஸ் விண்மீன் கூட்டத்தின் பெரிய சதுரத்தைத் தேடுங்கள். அதன் மேற்கு ஓரத்து இரண்டு நட்சத்திரங்கள்தான் நம் பூரட்டாதி. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, அதன் பாதித் தூரத்தில் சதுரத்துக்கு வெளியே கொஞ்சம் மேற்கே தள்ளிப் பார்த்தால், மங்கலாக ஒரு புள்ளி. அவ்வளவுதான், 51 பெகாசி!

அதன் பிரகாச அளவு சுமார் 5.5 (இதில் எண் கூடக் கூட ஒளி மங்கும்), வெறும் கண்ணின் எல்லை 6. அதனால் நகர வெளிச்சத்தில் நின்று தேடிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். நிலா இல்லாத இரவு வேண்டும், இருட்டில் அரை மணி நேரம் கண் பழக வேண்டும், நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால்கூட மறுபடியும் முதலிலிருந்துதான். நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று பக்கத்தில் வைத்தால் புள்ளி மெல்ல எட்டிப் பார்க்கும்.

சரி, மஞ்சள் நட்சத்திரம்தானே, மஞ்சள் எங்கே? இவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, சாம்பல் வெள்ளையாகத்தான் தெரியும். 10×50 பைனாகுலரில் லேசான மஞ்சள் தட்டலாம்.

சூரியனைப் போன்ற நட்சத்திரம், தூரம் சுமார் 50 ஒளியாண்டு. 1995இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் இதைச் சுற்றி 4.2 நாளுக்கு ஒரு சுற்று ஓடும் கோளைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் நோபல். அந்தக் கோள் மட்டும் எந்த பைனாகுலருக்கும் சிக்காது.