ஃபைகஸ் போன்சாய்: நர்சரி மண்ணோடு தட்டில் ஏற்றாதீர்கள்

ஆல், அத்தி இனமான ஃபைகஸைத் தட்டில் குட்டி மரமாக (போன்சாய்) வளர்ப்பவர்கள் தண்ணீர் ஊற்ற மறப்பது, இருட்டு மூலையில் வைப்பது இதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. இரண்டு செடி போனால் தானாகப் புரிந்துவிடும். ஐந்து செடி போன பிறகும் புரியாத தவறுகள் சில இருக்கின்றன.

களிமண் உருண்டை

நம் ஊர் நர்சரிகளுக்கு ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து லாரியில் வரும் செடிகளின் வேர்ப்பகுதி பெரும்பாலும் பிசுபிசுப்பான மண் உருண்டையாக இருக்கும். பயணத்துக்கு அது நல்லது, போன்சாய் தட்டுக்கு எமன். வாங்குபவர் கவரைக் கிழித்து, 'வேரைக் கலைக்கக் கூடாது' என்று உருண்டையை அப்படியே தட்டில் உட்கார வைத்து, சுற்றிலும் செங்கல் ஜல்லியைக் கொட்டுகிறார். மேலே பாசி வேறு. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும்.

ஊற்றும் தண்ணீர் ஜல்லி வழியாக ஓடி, நொடியில் அடித்துளைக்கு வந்துவிடும். காய்ந்து இறுகிய உருண்டைக்குள் ஒரு சொட்டும் இறங்காது. மழைக்காலத்தில் நேர் தலைகீழ்: உருண்டை ஊறிவிட்டால் எளிதில் காயாது. மேலே ஜல்லி காய்ந்திருப்பதைப் பார்த்து இன்னும் ஊற்றுவார்கள், வேர் அழுகும். தாகமோ அழுகலோ, மரம் காட்டுவது ஒன்றுதான்: இலை மஞ்சளாகிக் கொட்டும். 'தினமும் தண்ணி விட்டேனே' என்ற புலம்பலைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. விட்ட தண்ணீர் எங்கே போனது என்று பார்க்க ஒரு ஈர்க்குச்சி போதும். அடிமரத்தை ஒட்டிக் குத்தி, பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். தட்டு ஓரம் ஈரமாகவும் குச்சி உலர்ந்தும் இருந்தால் உள்ளே உருண்டை இருக்கிறது.

மாற்றுவதற்கு மரம் துளிர்க்கும் வெயில் காலமே சரி. மார்கழி, தை வேண்டாம். உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மழுங்கிய குச்சியால் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கலைத்து, குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். அடிமரத்துக்கு நேர் கீழே ஒளிந்திருக்கும் கட்டியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். கலவை: 3 முதல் 6 மி.மீ. செங்கல் துண்டு 2 பங்கு, அதே அளவு கரித்துண்டு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. செங்கல் தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள். அது சேறாகி இடுக்குகளை அடைத்தால் பழைய கதைதான். மரம் ஆடினால் புது வேர் அறுந்துபோகும், அதனால் அடித்துளை வழியே கம்பி விட்டுத் தட்டோடு கட்டுங்கள். மூன்று வாரம் நிழல், ஒன்றரை மாதம் உரம் கிடையாது.

இடம் மாற்றியதும் பதறுவது

வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் ஃபைகஸ் இலை கொட்டும், பெஞ்சமினா என்ற சிறு இலை வகை இன்னும் மோசம். நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலை குறைந்த மரம் குடிப்பதும் குறைவு, அதனால் தண்ணீரைக் கூட்டாமல் குறையுங்கள்.

ஏசி காற்று நேராக அடிக்கும் இடம்

வேண்டாம்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்

'ஜின்செங்' என்று விற்கும் குண்டு வேர் மரங்களில் பல ஒட்டுப் போட்டவை. ஒட்டுக்குக் கீழே வருவது அடிச்செடியின் துளிர், அதை அன்றே கிள்ளுங்கள்.

கிளையை வளைக்கக் கம்பியைச் சுற்றி மறப்பது

நன்றாக வளரும் ஃபைகஸ் கிளை சீக்கிரம் பருக்கும். வெயில் காலத்தில் ஒரே மாதத்தில்கூட கம்பி பட்டைக்குள் புதையும், அந்தத் திருகு வடு வருடக்கணக்கில் மறையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கழற்றும்போது கம்பியைச் சுற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். பட்டை கீறிப் பால் வடிந்தால் ஈரத்துணியால் ஒற்றுங்கள். கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும்.