பயணத்தில் இரண்டாவது திரை: கையடக்க மானிட்டரைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

இரண்டு திரைகளுடன் வேலை செய்து பழகியவர்களுக்கு வெளியூரில் மடிக்கணினியின் ஒற்றைத் திரை மட்டுமே கிடைக்கும்போது, ஒரு சாளரத்தை மறைத்து இன்னொன்றைத் திறப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கணக்குத்தாளைப் பார்த்து அறிக்கை எழுதுபவர், மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர், நிரலை எழுதியபடியே அதன் விளைவைச் சரிபார்ப்பவர், காணொளிக் கூட்டத்தில் பேசிக்கொண்டே குறிப்பெடுப்பவர் ஆகியோருக்குக் கையடக்க மானிட்டர் உண்மையிலேயே உதவும். மின்னஞ்சல் பார்ப்பதும் ஓரிரு கோப்புகளைத் திருத்துவதும்தான் வேலை என்றால், இரண்டு நாள் பயணத்துக்கு அது வீண் சுமை. இவ்வகை மானிட்டர்களில் பெரும்பாலானவை 13 முதல் 16 அங்குலத் திரையும் 600 கிராமிலிருந்து ஒரு கிலோ வரையிலான எடையும் கொண்டவை. உறை, கேபிள்கள், தாங்கி ஆகியவற்றின் எடை இதில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் திரையின் அளவையும் துல்லியத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே மெனக்கெடுகிறார்கள். என் கருத்தில் அவை இரண்டாம் பட்சம். பயணத்தில் இந்தக் கருவி கைகொடுக்குமா, காலை வாருமா என்பதை முடிவு செய்பவை கேபிளும் மின்சாரமும்தான். ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

போர்ட்டும் கேபிளும்

மடிக்கணினியில் யூஎஸ்பி-சி போர்ட் இருந்தாலே மானிட்டர் வேலை செய்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. யூஎஸ்பி-சி என்பது முனையின் வடிவத்துக்கான பெயர் மட்டுமே. அதன் வழியே படம் செல்ல வேண்டுமானால், அந்தப் போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி இருக்க வேண்டும். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை. இன்னும் சிலவற்றில், பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டுகளில் ஒன்று மட்டுமே படத்தை அனுப்பும். போர்ட்டின் அருகே அம்பு முனை கொண்ட மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட் என்ற அதிவேகப் போர்ட். படம் தாராளமாகச் செல்லும். டி, பி என்ற ஆங்கில எழுத்துகள் பிணைந்த சின்னம் இருந்தாலும் கவலையில்லை. எந்தக் குறியும் இல்லையென்றால், மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடி, அந்தப் போர்ட்டைப் பற்றிய குறிப்பில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் வருகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைச் செலவிட வேண்டும்.

போர்ட் சரியாக இருந்தும் கேபிள் ஏமாற்றிவிடுவதுண்டு. கைப்பேசிகளுடன் வரும் யூஎஸ்பி-சி கேபிள்களில் பெரும்பாலானவை மின்சாரத்தையும் யூஎஸ்பி 2.0 வேகத்தில் தரவையும் மட்டுமே கடத்துபவை. படத்துக்கு வேண்டிய அதிவேகக் கம்பிகள் அவற்றுக்குள் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. எனவே மானிட்டருடன் வந்த கேபிளின் இரு முனைகளிலும் ஒரு வண்ண நாடாவை ஒட்டி அடையாளப்படுத்திக் கொள்வது நல்லது. அவசரமாகப் பையைக் கட்டும்போது அது மற்ற கேபிள்களோடு கலந்து வீட்டிலேயே தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். படத்தைக் கடத்தும் உபரிக் கேபிள் ஒன்றை, ஒரு மீட்டருக்கு மிகாத நீளத்தில், தனியாக வாங்கி மானிட்டரின் உறைக்குள்ளேயே வைத்துவிடலாம். கைப்பேசிக் கேபிள் எந்தக் கடையிலும் கிடைத்துவிடும், இந்தக் கேபிளுக்கு அலைய வேண்டியிருக்கும்.

யூஎஸ்பி-சி வழியில் படம் வராத மடிக்கணினிக்கு எச்டிஎம்ஐ என்ற இன்னொரு இணைப்பு இருக்கிறது. கையடக்க மானிட்டர்களின் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மினி எச்டிஎம்ஐ போர்ட் என்பதால், சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் அதில் பொருந்தாது. அதோடு எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரை இயக்கும் அளவுக்கு மின்சாரம் வராது. மின்சாரத்துக்கென்று இன்னொரு கேபிளைச் செருகியாக வேண்டும். இரண்டு வழியும் இல்லாத கணினிக்கு டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர் பயன்படும். அது சாதாரண யூஎஸ்பி வழியாகவே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. அதற்கான மென்பொருளை நிறுவ வேண்டும், மேக் கணினியில் திரைப்பதிவு அனுமதியும் கொடுக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் புதிய மென்பொருளை நிறுவ அனுமதி இல்லாமல் போகலாம் என்பதால், தொழில்நுட்பப் பிரிவிடம் புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

மின்சாரக் கணக்கு

கையடக்க மானிட்டர் ஒன்று நடுத்தர வெளிச்சத்தில் சுமார் 5 முதல் 10 வாட் வரை எடுத்துக்கொள்ளும். இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் 50 வாட்-மணி பேட்டரி கொண்ட மடிக்கணினி, வழக்கமான எழுத்து வேலைக்கு 10 வாட் செலவழித்து ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மானிட்டர் அதே பேட்டரியிலிருந்து இன்னொரு 7 வாட் எடுக்கும்போது அது மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. மின் இணைப்பு இல்லாத இடத்தில் இரண்டாவது திரையைப் பயன்படுத்துபவர், இந்தக் கணக்கைப் போட்டுவிட்டே உட்கார வேண்டும். மானிட்டரின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைப்பதுதான் மிக எளிதான சிக்கனம்.

மின் இணைப்பு இருக்கும் இடத்தில், சார்ஜரை எங்கே செருகுவது என்ற கேள்வி வரும். இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டுகள் உள்ள மானிட்டர்களில் பல, ஒன்றில் சார்ஜரையும் மற்றதில் மடிக்கணினியையும் இணைத்தால், தாம் எடுத்ததுபோக மீதி மின்சாரத்தை மடிக்கணினிக்கு அனுப்பிவிடும். ஒரே சார்ஜரில் இரண்டும் இயங்குவதால் பயணத்துக்கு இது மிக வசதியான அமைப்பு. 65 வாட் சார்ஜர் சாதாரண அலுவலக மடிக்கணினிக்கும் மானிட்டருக்கும் சேர்த்தே போதும். அதிக ஆற்றல் தேவைப்படும் கணினியாக இருந்தால், சார்ஜரை மடிக்கணினியிலேயே செருகிவிட்டு, மானிட்டரை அதன் இன்னொரு போர்ட்டில் இணைப்பதே நல்லது; ஏனெனில் பல மானிட்டர்கள் தம் வழியே செல்லும் மின்சாரத்துக்கு ஒரு உச்ச வரம்பு வைத்திருக்கின்றன.

கோளாறு எதனால் என்பதைப் பல நேரங்களில் திரையே சொல்லிவிடும். நிறுவனத்தின் சின்னம் ஒரு கணம் தோன்றி, திரை இருண்டு, மீண்டும் சின்னம் தோன்றினால், மானிட்டருக்கு மின்சாரம் போதவில்லை என்று பொருள். வெளிச்சத்தைக் கூட்டும்போது மட்டும் திரை அணைந்து எரிந்தாலும் காரணம் அதுவே. தனிச் சார்ஜரைச் செருகினால் சரியாகிவிடும். மாறாக, திரை நிலையாக எரிந்துகொண்டு, சமிக்ஞை இல்லை என்ற செய்தியை மட்டும் காட்டினால், மின்சாரம் வருகிறது, படம் வரவில்லை. அப்போது கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் கணினியின் அடுத்த போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். அமைப்புகளுக்குள் போய் அலசுவதற்கு முன் இந்த இரண்டையும் செய்துவிட்டால் நேரம் மிச்சமாகும்.

பவர் பேங்கைக் கொண்டு மானிட்டரை இயக்குபவர்கள், விமானப் பயண விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பவர் பேங்குகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்காக ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கக் கூடாது. பொதுவாக 100 வாட்-மணி வரை சிறப்பு அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மில்லியாம்ப்-மணி அளவை 3.7 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 20,000 மில்லியாம்ப்-மணி என்பது 74 வாட்-மணி. பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்துவதையே சில நிறுவனங்கள் தடை செய்திருக்கின்றன என்பதால், பயணச்சீட்டோடு வரும் விதிகளைப் படித்துவிட வேண்டும்.

திரையைத் தேர்ந்தெடுத்தல்

14 அங்குலத் திரையில் 1920 பெருக்கல் 1080 புள்ளிகள் இருந்தால் எழுத்து தெளிவாகவே இருக்கும். இந்த அளவுத் திரையில், அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே என்பது கூடுதல் விலைக்கும் கூடுதல் மின்செலவுக்குமே வழி. எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். அதைவிட, சற்று உயரம் கூடிய 16:10 விகிதத் திரை பயனுள்ளது. ஆவணங்களில் இன்னும் சில வரிகள் கண்ணில் படும். வெளிச்சம் 250 முதல் 300 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை இருப்பவை அறைக்குள் போதுமானவை, சன்னலோரத்தில் திணறும். பளபளப்பில்லாத மேற்பரப்பையே தேர்ந்தெடுங்கள்.

தாங்கியை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். உறையையே மடித்து முட்டுக்கொடுக்கும் அமைப்பு வழவழப்பான மேசையில் மெல்லச் சரிந்து, எதிர்பாராத நேரத்தில் தொப்பென்று விழுந்துவிடும். பின்புறத்திலேயே பொருத்தப்பட்ட உலோகத் தாங்கி சற்றுக் கனமானாலும், எந்தக் கோணத்திலும் நிற்கும்.

இணைத்த பிறகு

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். அவற்றில் திரையை நீட்டிக்கும் தெரிவை எடுக்க வேண்டும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் உள்ள டிஸ்ப்ளேஸ் பகுதியில் இதைச் செய்யலாம். அடுத்து, இரண்டு திரைகளையும் குறிக்கும் கட்டங்களை, அவை மேசையில் எப்படி நிற்கின்றனவோ அப்படியே இழுத்து வைக்க வேண்டும். இடப்பக்கம் நிற்கும் மானிட்டரைக் கணினி வலப்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், சுட்டி திரையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். மேல்கீழ் உயரத்தையும் சரிபார்த்து வைத்தால், சுட்டி ஒரு திரையிலிருந்து மறுதிரைக்கு நேர்கோட்டில் செல்லும். விண்டோஸில், ஷிப்ட், விண்டோஸ் ஆகிய இரு விசைகளுடன் இடது அல்லது வலது அம்பு விசையை அழுத்தினால், சாளரம் அடுத்த திரைக்குத் தாவிவிடும். நெருக்கடியான மேசையில் டச்பேடால் இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இணைத்தவுடன் ஒலி காணாமல் போனது போலத் தோன்றுவதும் உண்டு. மானிட்டரில் சிறிய ஒலிபெருக்கி இருந்தால், கணினி ஒலியை அதற்குத் திருப்பிவிடும். கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒலி அமைப்பில் பழைய கருவியை மீண்டும் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மானிட்டரின் வெளிச்சத்தை மாற்ற முடியாதபடி அதன் பட்டியல் மங்கலாகத் தெரிந்தால், எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி) இயங்குகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

இடவசதியைப் பொறுத்தவரை, அதிக நேரம் பார்க்கும் திரை நேர் எதிரே இருக்க வேண்டும். அவ்வப்போது எட்டிப்பார்க்கும் திரை பக்கவாட்டில் சற்று உட்பக்கம் திரும்பி இருக்கலாம். கையடக்க மானிட்டர் தாழ்வாகவே நிற்கும் என்பதால், நாள் முழுவதும் வேலை செய்பவருக்குக் கழுத்து வலி நிச்சயம். தடித்த புத்தகங்களையோ பெட்டியையோ அடியில் வைத்து, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு அருகில் வரும்படி உயர்த்த வேண்டும். நீண்ட ஆவணம் படிப்பவர்கள் மானிட்டரைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்கலாம். மேசையில் இடமும் குறைவாகவே பிடிக்கும். விமானத்தின் மடிப்பு மேசையில் இரண்டு திரைகளை விரிக்க முயல வேண்டாம். முன்னிருக்கைக்காரர் சாய்ந்தால் நசுங்கப்போவது மானிட்டர்தான்.

பொது இடத்தில் இரண்டாவது திரை அக்கம்பக்கத்தாருக்கும் நன்றாகத் தெரியும். ரகசியமான கோப்புகளை மடிக்கணினித் திரையிலேயே வைத்துக்கொண்டு, பொதுவானவற்றை மட்டும் மானிட்டருக்குத் தள்ளுங்கள். செய்தி அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள்.

எடுத்துச் செல்லுதல்

மானிட்டரின் பலவீனம் அதன் மெல்லிய கண்ணாடித் தகடு. பையில் திரைப்பக்கம் மடிக்கணினியின் தட்டையான மேற்பரப்பைப் பார்த்தபடி இருக்கட்டும். சார்ஜர் கட்டை, தண்ணீர் பாட்டில் போன்றவை அதே அறையில் இருக்கவே கூடாது. நெரிசலில் பை அழுத்தப்படும்போது ஒரு சார்ஜரின் மூலை போதும், திரையில் கீறல் விழ. சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்து, பாதுகாப்புச் சோதனையில் மடிக்கணினியோடு வெளியே எடுத்து வைக்கத் தயாராக இருங்கள். இடம் மாற்றும்போது கேபிளைக் கழற்றிவிட்டே மானிட்டரைத் தூக்க வேண்டும். கேபிள் இழுபட்டுப் போர்ட் தளர்ந்துவிட்டால், பழுதுபார்ப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

வாங்குவதற்கு முன், கையில் ஏற்கெனவே இருப்பதைச் சோதித்துப் பார்ப்பதும் நல்லதே. ஐபேடும் மேக்கும் வைத்திருப்பவர்கள், 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து கிடைக்கும் சைட்கார் வசதியால் ஐபேடையே இரண்டாவது திரையாக்கலாம். விடுதி அறையின் தொலைக்காட்சியையும் ஓர் எச்டிஎம்ஐ கேபிளால் இணைக்கலாம்; ஆனால் உள்ளீட்டை மாற்றவிடாமல் பூட்டி வைத்திருக்கும் விடுதிகளும் உண்டு.

புதிதாக வாங்கியிருந்தால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு முழு வேலை நாளை, பயணப் பையில் போகப்போகும் பொருட்களை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒற்றை நிறப் பக்கங்களை முழுத் திரையில் திறந்து செத்த புள்ளிகள் (நிறம் மாறாமல் நின்றுவிட்டவை) இருக்கின்றனவா என்று தேடுங்கள்; இரண்டு போர்ட்டுகளிலும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள்; பேட்டரியில் மட்டும் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.