இரட்டை அலகு மடக்குக்கத்தி: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இரட்டை அலகு மடக்குக்கத்தி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது உப்புத்தாளையும் பாலிஷையும்தான். அரை மணி நேரத்தில் அலகு கண்ணாடிபோல் மின்னும். பல்லாண்டுகளாக எஃகின் மேல் படிந்த சாம்பல் படலம், தொழிற்சாலையில் தேய்த்த கோடுகள், அலகின் அடியில் பொறித்த எழுத்துகளின் கூர்மை எல்லாம் அதோடு போய்விடும். சேகரிப்பவர் அந்தக் கத்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே வைத்துவிடுவார். உழைத்துத் தேய்ந்த கத்தியை மதிப்பார்கள். தேய்த்துப் புதிதாக்கிய கத்தியை யாரும் மதிப்பதில்லை.

இங்கே சொல்வதெல்லாம் பூட்டு இல்லாத அமெரிக்க மரபுக் கத்திகளைப் பற்றியது. அலகைத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்துவது முதுகில் உள்ள ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் கேஸ் நிறுவனமும், அதே மாநிலத்தின் டைட்டஸ்வில்லில் 2006-இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனமும் இந்த வகையைச் செய்துவருகின்றன. ஷ்ரேட் 2004-இலும், கமிலஸ் 2007-இலும் ஆலையை மூடிய பிறகு பழைய சரக்குக்குத் தேவை கூடியது. தேவை கூடிய இடத்தில் கோளாறான சரக்கும் வரும்.

வகை தெரியாமல் கை வைப்பது

இரண்டு அலகும் ஒரே முனையில் மடங்கினால் அது ஜாக் வகை. முனைக்கு ஒன்றாக இருந்தால் பென் வகை; இறகுப் பேனாவைச் சீவப் பயன்பட்ட சிறு கத்தியின் வழிவந்தது, நம் ‘பேனாக்கத்தி’ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். இவற்றுக்குள்ளே உருவத்தைப் பொறுத்துத் தனிப் பெயர்கள் உண்டு. டிராப்பர் மடக்கிய நிலையில் சுமார் 4⅛ அங்குலம். பீனட் 2⅞ அங்குலம். பார்லோவை அதன் நீண்ட போல்ஸ்டரை வைத்தே, அதாவது பிடியின் முனையில் உள்ள உலோகக் கவசத்தை வைத்தே, தூரத்திலிருந்து அடையாளம் காணலாம். மஸ்க்ராட்டில் ஒரே மாதிரியான இரண்டு அலகுகள், முனைக்கு ஒன்று.

டிராப்பரில் ஒரு அலகு கூர்முனை கொண்ட கிளிப். மற்றது ஸ்பே: நீண்டு, நேராக வந்து, நுனியில் மொண்ணையாக முடியும். கால்நடைகளுக்குக் காயடிக்க வந்த அலகு இது. வேண்டாத இடத்தில் குத்திவிடக் கூடாது என்றே நுனியை மழுக்கி வைத்தார்கள். தோலுரிப்பவர்களுக்கும் அதனாலேயே பிடித்துப்போனது. இதை முனை முறிந்த அலகு என்று நினைத்து, சாணையில் வைத்துக் கூராக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கூராக்கியதைத் திருத்த முடியாது.

எழுத்தைப் படித்துவிட்டு அலகைப் பார்க்காமல் விடுவது

கேஸ் கத்திகளின் எண்ணைப் படிப்பது எளிது. 6254 என்றால் முதல் இலக்கம் பிடியின் பொருள் (6 எலும்பு, 5 மான்கொம்பு, 3 மஞ்சள் செயற்கைப் பிடி), இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கை, மிச்சம் உருவ எண். 54 என்பது டிராப்பர். ஆண்டைச் சொல்வது அலகின் அடியில், அதாவது டேங்கில், இருக்கும் புள்ளிகள். 1970-இல் 10 புள்ளிகளுடன் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். 1980-இல் மறுபடியும் 10. ஆக, 7 புள்ளி என்பது 1973-ஆகவும் இருக்கலாம், 1983-ஆகவும் இருக்கலாம். 80-களின் முத்திரையில் நிறுவனப் பெயரின் ‘எஸ்’ எழுத்து மின்னல் வெட்டுபோல் முறிந்து இருக்கும். அதைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் எண்ணிவிட்டுப் பழைய கத்தியின் விலை கொடுப்பவர்கள் நிறைய.

முத்திரையைவிட முக்கியமானது அலகில் எவ்வளவு எஃகு மிச்சம் இருக்கிறது என்பது. அலகைத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பக்கவாட்டில் பிடியுங்கள். கூர் தீட்டாத அடிப்பகுதியின் கோடும், கூரான வாயின் கோடும் ஏறத்தாழ ஒரே கோட்டில் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் படிபோல் இறக்கம் தெரிந்தால், அந்த இறக்கம் எவ்வளவோ அவ்வளவு எஃகு சாணையில் போய்விட்டது. பிறகு அலகை மடக்கி முனையைப் பாருங்கள். அது பிடிக்குள் மறைந்திருக்க வேண்டும். தேய்ந்த அலகில் முனை முதுகுப் பக்கமாக நகர்ந்து, மடக்கினாலும் வெளியே எட்டிப்பார்க்கும். பாக்கெட்டையும் கிழிக்கும், விரலையும் கிழிக்கும்.

இங்கே ஒரு தவறிலிருந்து இன்னொன்று பிறக்கிறது. எட்டிப்பார்க்கும் முனையை மறைக்க, அலகின் அடியில் இருக்கும் கிக் என்ற சிறு மேட்டை அரத்தால் தேய்ப்பார்கள். மடங்கும்போது ஸ்பிரிங்கில் முட்டி அலகை நிறுத்துவது அந்த மேடுதான். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலும் கூரான வாய் நேரே ஸ்பிரிங்கின் மேல் மோதும். வாயின் நடுவில் சின்னதாக ஒரு மழுங்கல், தீட்டினாலும் இரண்டு நாளில் அதே இடத்தில் திரும்ப வரும் மழுங்கல் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கிக் சரியாக இருக்கும் கத்தியிலும், வலுவான ஸ்பிரிங் இருந்தால் அலகைப் ‘படக்’ என்று தானாக அடைய விடாதீர்கள். விரலால் தாங்கி இறக்குங்கள்.

கடைசியாக ஆட்டம். அலகைத் திறந்து இடவலமாக அசைத்துப் பாருங்கள், பிறகு மேல்கீழாக. மயிரிழை அளவு இடவல ஆட்டம் பழைய கத்தியில் பொறுக்கலாம். மேல்கீழ் ஆட்டம் என்றால் ஸ்பிரிங்கோ டேங்கோ தேய்ந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்துகிறேன் என்று ஆணியைச் சுத்தியலால் தட்ட வேண்டாம். தட்டும்போது முதலில் வெடிப்பது எலும்புப் பிடி. போல்ஸ்டரின் நடுவில் ஆணித்தலையின் வட்டம் தெளிவாகத் தெரிந்தால் யாரோ கழற்றி அலகை மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. அது மட்டும் போதாது, இரண்டு அலகின் முத்திரைகளும் ஒரே காலத்தவையா என்று சேர்த்துப் பாருங்கள்.

தோட்டா வடிவச் சின்னம் பதித்த ரெமிங்டன் கத்திகளில் கூடுதல் கவனம் வேண்டும். அசல்கள் 1920-களிலும் 30-களிலும் வந்தவை, 1982 முதல் மறுபதிப்புகள் வந்தன, போலிகளும் நிறைய. சாதாரண பழைய ரெமிங்டனில் தோட்டாச் சின்னத்தை மட்டும் பதித்து விற்பதும் உண்டு. சின்னம் பிடியோடு விரல் தடையில்லாமல் சமமாக இருக்கிறதா, சுற்றிலும் பசை நிரப்பிய கோடு தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

இரண்டு அலகையும் ஒன்றாகத் திறப்பது

படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் கத்தியின் முதுகைத் திருப்பி ஸ்பிரிங் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். பென் வகையில் பெரும்பாலும் ஒரே ஸ்பிரிங்தான் இரண்டு முனைக்கும். அலகு பாதி திறந்த நிலையில் டேங்கின் மூலை ஸ்பிரிங்கை மிக அதிகமாகத் தூக்கும். இரண்டு அலகும் ஒரே சமயத்தில் அந்த நிலைக்கு வந்தால், நடு ஆணியில் பிடிபட்ட ஸ்பிரிங் இரு முனையிலும் வளையும். பழைய எஃகு அங்கே முறியும், அல்லது இறுக்கம் குறையும். ஒன்றை முழுதாக மூடிய பிறகே மற்றதைத் தொடுங்கள். தனித்தனி ஸ்பிரிங் உள்ள கத்தியில் இந்தக் கவலை இல்லை.

சாம்பல் படலத்தையும் துருவையும் ஒன்றாக நினைப்பது

கார்பன் எஃகு ஆப்பிளையோ எலுமிச்சையையோ வெட்டினால் நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். அது படலம், துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். அப்படியே விடுங்கள். செம்பழுப்பாக, விரலில் ஒட்டும் பொடியாக இருப்பதுதான் துரு. அதன் மேல் மினரல் ஆயில் ஒரு சொட்டு வைத்து இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் செம்பு நாணயத்தின் விளிம்பால் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மையானது, கீறல் விழாது. துரு உள்ள இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் வேண்டாம். சில மாதங்களில் பிசினாகி, பாக்கெட் பஞ்சையும் தூசியையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நிறமும் வாசனையும் இல்லாத மினரல் ஆயில் போதும், அந்தக் கத்தியால் பழமும் நறுக்கலாம். மூட்டுக்கு ஒரு சொட்டு விட்டு, அலகைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடினால் கறுப்பாகக் கசடு வரும். துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு. கசடு வராத வரைக்கும் இதையே செய்யுங்கள். திறக்க முடியாமல் நகம் ஒடியும் அளவுக்கு இறுகிய கத்திகளில் பாதிக்கு இதுவே வைத்தியம். பாத்திரம் கழுவும் நீரில் ஊறவைப்பது எலும்புப் பிடிக்கும் ஆகாது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கும் ஆகாது.

செல்லுலாய்டு பிடியை மற்றவற்றோடு வைப்பது

சேகரிப்பில் நேரும் தவறுகளில் மிகக் கொடியது இதுதான், ஏனென்றால் ஒரு கத்தியோடு நிற்காது. 20-ஆம் நூற்றாண்டின் முன்பகுதியில் வண்ண வண்ணமாக வந்த பிடிகள் பலவும் செல்லுலாய்டு. வயதாகும்போது அது சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆவியை விடும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். மூடிய பெட்டியில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் எலும்புப் பிடிக் கத்தியின் அலகும் துருப்பிடிக்கும். அடையாளம்: பிடியோடு ஒட்டிய பகுதியில் மட்டும் அலகில் புதுத் துரு, பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு, பிடியில் வலைபோல் நுண்ணிய வெடிப்பு, காரமான நெடி. இந்தக் கத்திகளைத் தனியாக, காற்றோட்டமாக, வெப்பம் படாமல் வையுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தோல் உறையிலும் நீண்ட நாள் வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் மிச்சமிருக்கும் உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்துப் பித்தளையைப் பச்சையாக்கும். உறை எடுத்துச் செல்வதற்கு. வைப்பதற்குப் பருத்தித் துணிச் சுருளும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

சாணைச் சக்கரத்திடம் கொடுப்பது

மெல்லிய அலகு வேகச் சக்கரத்தில் சில நொடியில் சூடேறும். விளிம்பு நீலமாக மாறினால் பதம் இறங்கிவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. தட்டைக் கல்லில், பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வில், கையால் தீட்டுங்கள். அடிப்பகுதியை விட்டுவிட்டு நடுவை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தால் சில ஆண்டுகளில் வாய் உள்வாங்கி வளைந்துவிடும். அடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பாக வர வேண்டும். மற்ற அலகு மடங்கியே இருக்கட்டும்.

இரண்டு அலகு இருப்பதன் பயனே வேலையைப் பிரித்துக்கொள்வதுதான். ஒன்றை அட்டைப்பெட்டிக்கும் கயிற்றுக்கும் ஒதுக்குங்கள், மற்றதைச் சுத்தமாகப் பழத்துக்கும் நுண்ணிய வேலைக்கும் வையுங்கள். எந்த அலகாலும் நெம்பாதீர்கள், திருகாணியைத் திருகாதீர்கள். முனையைக் குத்தித் துளையிடும் வேலையும் வேண்டாம்: பூட்டு இல்லாததால், முனை தடைபட்டதும் அலகு உங்கள் விரல்கள் மேலேயே மடங்கும். மூடும்போது பிடியை இரு பக்கவாட்டிலும் பிடித்து, பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு விரலும் இல்லை என்று பார்த்து, அலகின் முதுகை மற்றக் கையின் உள்ளங்கையால் தள்ளுங்கள்.

எங்கும் எடுத்துச் செல்லலாம் என்று நினைப்பது

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கூட்டரசு அலுவலகக் கட்டடங்களுக்குள் ஆயுதங்களைத் தடுக்கும் சட்டம் 2½ அங்குலத்துக்குக் குறைவான அலகு கொண்ட பாக்கெட் கத்தியை விலக்கி வைத்திருக்கிறது. பீனட் அதற்குள் அடங்கும், டிராப்பர் அடங்காது. அப்படியிருந்தும் வாசலில் இருக்கும் காவலர் நிறுத்தலாம். இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூட்டில்லாத மடக்குக்கத்தியின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாவிட்டால் தகுந்த காரணம் காட்டாமலே வைத்திருக்கலாம். டிராப்பரின் அலகு இந்த வரம்பை ஒட்டியே நிற்கும், சிலவற்றில் தாண்டும். விற்பவர் எழுதிய அளவை நம்பாமல் ஸ்கேலை வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் பிடியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய மான்கொம்புப் பிடிகளில் பல நம் காடுகளில் மிளா என்றும் கடமான் என்றும் சொல்லும் விலங்கின் கொம்பு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்தக் கொம்பின் வணிகத்துக்கு இங்கே தடை. உதிர்ந்த கொம்பு என்ற விளக்கம் காப்பாற்றாது. மாட்டெலும்புப் பிடியில் இந்தச் சிக்கல் வராது.

அமெரிக்க விமானங்களில் கைப்பைக்குள் எந்த அளவும் ஆகாது. பலருக்குக் கத்தி பறிபோவது மறதியால்தான். தினமும் பாக்கெட்டில் இருப்பதால் அது இருப்பதே உறைக்காது. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே எடுத்து, உறையிலிட்டு, சரக்காக ஏற்றும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.