சிப்பர் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கிளப்பின் பிராக்டிஸ் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கம் போனால், புதிதாக கோல்ஃப் ஆட வந்தவர்கள் கையில் இப்போது அடிக்கடி சிப்பர் என்ற குட்டை மட்டை தென்படுகிறது. நல்ல விஷயம்தான். கிரீனுக்குக் கொஞ்சம் வெளியே பந்து கிடக்கும்போது வெட்ஜை (பந்தை உயரத் தூக்கும் மட்டையை) எடுத்து, பந்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி, அடுத்த அடியில் பந்தின் நடுவயிற்றில் அடித்து அதை கிரீனின் மறுபக்கம் அனுப்பி வைப்பதைவிட, கிரீனில் பந்தை உருட்டும் பட்டரைப் போல ஆடக்கூடிய ஒரு மட்டை இருப்பது எவ்வளவோ மேல். ஆனால் ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தலையைத் தூக்காதே, பந்தைப் பார், அவசரப்படாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை மட்டைப் பை சுமந்து கூட வரும் எந்தக் கேடியும் சொல்லித் தருவார்.

சிப்பரைக் கேவலமாகப் பேசும் சீனியர்களையும் காது கொடுத்துக் கேட்க வேண்டாம். இது நேற்று முளைத்த பொருள் அல்ல. இரும்பு மட்டைகளுக்கு எண் வருவதற்கு முன்பே, ஸ்காட்லாந்துக்காரர்கள் ஜிகர் என்ற மட்டையால் பந்தைத் தரையோடு உருட்டி கிரீனில் ஏற்றினார்கள். ஷாஃப்ட் (தண்டு) குட்டை, முகம் குறுகல், லாஃப்ட் (முகத்தின் சாய்வு) மிதமானது. அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள ஓல்டு கோர்ஸ் மைதானத்தின் 17ஆம் ஹோலை ஒட்டி இருக்கும் விடுதிக்கு இன்றும் ஜிகர் இன் என்றுதான் பெயர். கடற்கரைக் காற்றும் இறுகிய தரையும் உள்ள அந்த ஊரில் பந்தை உயரத் தூக்குவதைவிட உருட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டு முகம் உள்ள சிப்பரை வாங்குவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

ஒரு மந்த்லி மெடல், அதாவது கிளப்பின் மாதாந்தரப் போட்டி. ஆட வந்து அதிக நாள் ஆகாத ஓர் இளைஞர், அன்று அவருக்கு எல்லாமே கூடி வந்தது. கடைசிப் பகுதியில் ஒரு ஹோலில் பந்து வேப்ப மரத்தடியில் போய் ஒட்டிக்கொண்டது. வலது கைக்காரர் நின்று அடிக்க இடமே இல்லை. அவர் சிப்பரை எடுத்தார், மரத்தின் மறுபக்கம் போய் இடது கைக்காரரைப் போல நின்றார், மட்டையின் பின்முகத்தால் தட்டினார். பந்து அழகாக வெளியே வந்தது. கூட ஆடியவர்கள் கைதட்டினார்கள். கார்டு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் கைதட்டவில்லை. “தம்பி, அந்த மட்டையைக் கொஞ்சம் காட்டுங்க” என்றார்.

ஆட்டம் முடிந்து கமிட்டி பார்த்தது. டிஸ்குவாலிஃபைடு. மரத்தடியில் அடித்த அந்த ஒரு அடிக்காக மட்டும் அல்ல. அந்த மட்டையால் முதல் ஹோலில் வலது கையால் ஒரு தட்டுத் தட்டியிருந்தாலும் முடிவு அதேதான். “அண்ணே, கோல்ஃப் கடையிலதானே வாங்கினேன்? ஆடக் கூடாத பொருளை எப்படி விப்பாங்க?” என்று அவர் என்னிடம் கேட்டார். விற்பார்கள். தாராளமாக விற்பார்கள். விதிக்கு உட்பட்டதா என்று நீங்கள் கேட்காத வரை விற்பவர் வாயைத் திறக்க மாட்டார்.

விதி இதுதான். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகள் இரண்டும் சேர்ந்து வைத்திருக்கும் உபகரண விதிகளின்படி பட்டருக்கு மட்டும் சில சலுகைகள் உண்டு. பட்டருக்கு இரண்டு முகம் இருக்கலாம், இரண்டும் ஒரே தன்மையில் இருந்தால் போதும். பட்டரின் கிரிப் ஒரு பக்கம் தட்டையாக இருக்கலாம். ஷாஃப்ட் தலையின் நடுவில்கூட இறங்கலாம். ஆனால் பட்டர் என்று சொல்ல வேண்டுமானால் லாஃப்ட் 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. சிப்பரின் லாஃப்ட் அதைவிடப் பல மடங்கு. பார்ப்பதற்குப் பட்டர் மாதிரி இருக்கலாம், நீங்களும் பட்டர் மாதிரியே ஆடலாம். விதியின் கண்ணில் அது அயர்ன், அதாவது இரும்பு மட்டை. அயர்னுக்கு அடிக்கும் முகம் ஒன்றுதான். ஷாஃப்ட் தலையின் குதிகால் பக்கம்தான் (ஆடுபவருக்கு அருகில் இருக்கும் முனையில்தான்) சேர வேண்டும். கிரிப் வட்டமாக இருக்க வேண்டும்.

இந்தக் கிரிப் விஷயத்தில்தான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். கடையில் வாங்கும்போது சிப்பர் சரியாகவே இருக்கும். கொஞ்ச நாளில் கிரிப் தேய்ந்துவிடும். மாற்றக் கொடுக்கும்போது, “பட்டர் மாதிரிதானே பிடிக்கிறீங்க, பட்டர் கிரிப்பே போட்டுடறேன்” என்பார் மாற்றித் தருபவர். முன்பக்கம் தட்டையான தடித்த கிரிப். கட்டை விரல்கள் அதில் சுகமாக உட்காரும். அந்த நிமிடத்திலிருந்து அந்த மட்டை போட்டிக்கு ஆகாது. சந்தேகம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கிரிப்பை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். நீளவாக்கில் லேசான ஒரு மேடு தட்டுப்பட்டால் பரவாயில்லை, அது அயர்னுக்கும் அனுமதிக்கப்பட்டதுதான். தட்டையான பக்கம் தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2019இல் விதிகள் மாற்றி எழுதப்பட்ட பிறகு, இப்படிப்பட்ட மட்டை பையில் சும்மா கிடந்தால் தண்டனை இல்லை. அடித்தால்தான் வெளியேற்றம். இதைக் கேட்டுவிட்டு, “சரி, பையில் இருக்கட்டும், போட்டியில் எடுக்க மாட்டேன்” என்பவர்கள் உண்டு. எதற்கு? வாரம் முழுக்க அதிலேயே பழகிய கை, நெருக்கடியில் அதைத்தான் தேடும். ஹேண்டிகேப்புக்கு (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணுக்கு) கொடுக்கும் ஸ்கோரும் விதிப்படி ஆடியதாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நண்பர்களோடு ஆடும் ஆட்டம்தானே என்று இதில் அடித்துவிட்டு அந்தக் கார்டைப் பதிவு செய்வது தப்பு.

மரத்தடியில் மாட்டிக்கொண்டால் சாதாரண வெட்ஜையே தலைகீழாகத் திருப்பி, முனை தரையைப் பார்க்கப் பிடித்து இடது கை ஆட்டம் ஆடலாம். விதி தடுக்கவில்லை. அதற்காக இரண்டு முக சிப்பர் தேவையே இல்லை.

பையில் ஏற்கெனவே 14 மட்டை

ஒன்றை வீட்டில் வையுங்கள். 15 மட்டையோடு போனால் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) ஹோலுக்கு 2 ஸ்ட்ரோக் தண்டனை, அதிகபட்சம் 4.

லாஃப்ட் கேட்காமல் வாங்குவது

எல்லா சிப்பரும் ஒன்றல்ல. 30 டிகிரியை ஒட்டியும் இருக்கும், 40ஐத் தாண்டியும் இருக்கும். கிளீவ்லேண்டின் ஸ்மார்ட் சோல் வரிசையில் சிப்பர் 42 டிகிரி. அது ஏறக்குறைய 9 அயர்ன் மாதிரி நடந்துகொள்ளும். 35ஐ ஒட்டியது 8 அயர்ன் மாதிரி ஓடும். உங்களிடம் இருக்கும் அயர்னின் லாஃப்டையும் நீங்கள் வாங்கப் போகும் சிப்பரின் லாஃப்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாஃப்ட் ஒன்றாக இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது குட்டையான ஷாஃப்டுக்கும், நிமிர்ந்த நிலைக்கும், கொஞ்சம் கனமான தலைக்கும் மட்டுமே. 8 அயர்னைக் கீழே இறக்கிப் பிடித்து நன்றாகத் தட்ட வருகிறதென்றால் சிப்பரே வேண்டாம் என்பது என் கருத்து.

மணிக்கட்டால் தூக்குவது

சிப்பரை வாங்கிவிட்டு வெட்ஜ் போலவே ஆடுவார்கள். பந்தை அடிக்கும் நேரத்தில் இடது மணிக்கட்டு மடங்கி, குழம்பைக் கரண்டியால் அள்ளுவது போல மட்டை மேலே வரும். பந்தைத் தூக்கும் வேலை லாஃப்டினுடையது, உங்களுடையது அல்ல. பந்து நடுவில் இருக்கட்டும், உடல் எடை முன்காலில் கொஞ்சம் கூடுதலாக, பிடி பந்துக்கு ஒரு துளி முன்னால். அப்புறம் தோள்களால் பட்டர் ஸ்ட்ரோக். பிடியை ரொம்ப முன்னால் சாய்த்தால் லாஃப்ட் குறைந்து பந்து கிரீனைத் தாண்டி ஓடும். அதுவும் வேண்டாம்.

ஹோலைப் பார்த்து அடிப்பது

பார்க்க வேண்டியது பந்து விழும் இடம். 12இலிருந்து அயர்னின் எண்ணைக் கழித்தால் வருவது உருளும் பங்கு என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 8 அயர்ன் என்றால் காற்றில் 1 பங்கு, தரையில் 4 பங்கு. உங்கள் சிப்பரும் 8 அயர்ன் லாஃப்ட் என்றால் இதே கணக்கு. பந்து கிரீனுக்கு 2 தப்படி வெளியே, ஹோல் 15 தப்படி தூரம் என்று வையுங்கள். 3 தப்படியில் விழுந்து 12 உருள வேண்டும். அதாவது கிரீனுக்குள் ஒரு தப்படி. அந்த இடத்தில் ஒரு நிறம் மாறிய புல்லையோ பந்து விழுந்து பள்ளமான பழைய பிட்ச் மார்க்கையோ குறித்துக்கொண்டு அதை நோக்கி ஆடுங்கள். இது சமதளமான, நடுத்தர வேக கிரீனுக்கான கணக்கு. இறக்கம் என்றால் இன்னும் மெதுவாக, ஏற்றம் என்றால் கொஞ்சம் தெம்பாக. கொடி கிரீன் ஓரத்திலேயே இருந்து உருள இடமில்லாவிட்டால் இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் வராது. சிப்பரை வைத்துவிட்டு வெட்ஜ் எடுங்கள்.

பாயில் மட்டும் பழகுவது

பயிற்சி ரேஞ்சில் உள்ள பச்சைப் பாய் உங்களை ஏமாற்றும். பந்துக்கு ஒரு விரல் பின்னால் பட்டாலும் மட்டை வழுக்கி வந்து பந்தை நன்றாகவே அனுப்பிவிடும். அதே அடி புல்லில் அப்படியே நின்றுவிடும். ஒரு சின்ன சோதனை: பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி தரையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அடியுங்கள். துண்டில் படாமல் பந்து போனால் சரி.

நீளமான ரஃப் (வளர்ந்த புல்)

பெர்முடா புல் கொஞ்சம் வளர்ந்தாலே மட்டையின் கழுத்தைப் பிடித்து முகத்தை இடப்பக்கம் திருப்பிவிடும். மெதுவான ஸ்ட்ரோக்கால் அதை அறுத்துக்கொண்டு வர முடியாது. பந்தின் மேல் பாதிகூடத் தெரியாத இடத்தில் சிப்பரை நான் எடுத்தால், என் கேடி “சார், அது வேண்டாம் சார்” என்று சொல்லி முடிப்பதற்குள் சாண்ட் வெட்ஜை நீட்டிவிடுவார். அவர் சொல்வதுதான் சரி.

பங்கருக்கு (மணல் குழிக்கு) மேலே அடிப்பது

வேண்டாம்.